பிரேக்கன் பன்னம்

பிரேக்கன் பன்னம் என்பது டெரிடியம் என்னும் பேரினத்தைச் சேர்ந்த, உயரமாக வளரும் ஒரு காட்டுப் பன்னம் ஆகும். பன்னம் அல்லது பெரணி எனப்படுபவை பூவும் விதையும் இன்றி, வித்திகளால் பெருகும் தாவரங்கள். அந்தாட்டிக்கா தவிர்ந்த எல்லாக் கண்டங்களிலும் பரவியுள்ள பிரேக்கன், தமிழ்நாட்டில் நீலகிரி, பழனி முதலிய உயர்ந்த மலைகளில், காடழிந்த சரிவுகளிலும் புல்வெளி ஓரங்களிலும் திரளாக வளர்கின்றது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய தோல் பதனிடும் நகரங்கள் அமைந்த பாலாற்றுச் சமவெளி இதற்கு ஏற்ற இடமன்று. எனினும் அச்சமவெளியின் பழைய கிணறுகளிலும் மதில்களிலும் வளரக்கூடிய வேறொரு பன்னம், பெயரால் இதனுடன் குழப்பிக்கொள்ளப்பட இடமுண்டு. இரண்டும் வெவ்வேறு வகையில் தீங்கு தரவல்லவை என்பதால் அவற்றைப் பிரித்தறிவது அவசியமாகின்றது.

பெயர்க் குழப்பம்

இலின்னேயசு 1753இல் பிரேக்கனுக்கு டெரிசு அக்குயிலினா என்று பெயரிட்டார். 1879இல் கூன் என்பவர் அதனை டெரிடியம் என்ற தனிப் பேரினத்துக்கு மாற்றினார். டெரிசு பேரினத்தில் எஞ்சியவற்றுள் ஒன்றுதான் டெரிசு விட்டாட்டா. இதனை ஆங்கிலத்தில் "சீன பிரேக்" என்பர். பிரேக்கனுக்கும் "பிரேக்" என்ற பெயர் ஆங்கிலத்தில் வழங்குவதால், பெயரை மட்டும் பார்த்து ஒன்றின் பண்புகளை மற்றொன்றின்மேல் ஏற்றிவிடுவது எளிது. தென்னிந்தியப் பிரேக்கனைச் சிலர் டெரிடியம் இரெவலூட்டம் என்ற தனி இனமாகவும், சிலர் அக்குயிலினத்தின் துணையினமாகவும் கொள்வர். சென்னை மாகாண வனத்துறை அதிகாரி பெடோம் 1863 முதல் வெளியிட்ட தென்னிந்தியப் பன்னங்கள் பற்றிய படநூல் இத்துறையின் தொடக்க நூல்களுள் ஒன்றாகும். மேற்குத் தொடர்ச்சி மலையின் பன்னங்களைப் பற்றி மாணிக்கம், இருதயராஜ் ஆகியோர் எழுதிய நூல் 1992இல் வெளிவந்தது.

இனங்காணல்

முதலில் பார்க்க வேண்டியது இலையன்று, நிலத்தடித் தண்டு. பிரேக்கனின் தண்டு மண்ணுக்குள் நெடுந்தொலைவு ஊர்ந்து செல்லும். அதன்மேல் மயிர்கள் இருக்கும், செதில்கள் இரா. ஆகவே இலைகள் கொத்தாக அன்றி, இடைவெளி விட்டுத் தனித்தனியே எழும். ஒவ்வோர் இலையும் அகன்ற முக்கோண வடிவினது, இரண்டு அல்லது மூன்று முறை பிரிந்தது, தடித்து விறைப்பானது, பெரும்பாலும் ஓர் ஆள் உயரம்வரை வளரும். இளம் இலையில், கிளைகள் பிரியும் இடத்தில் தேன் சுரப்பிகள் உண்டு. எறும்புகள் அவற்றை நாடி வரும். சிற்றிலையின் ஓரம் கீழ்நோக்கி மடிந்து, வித்திக்கூடுகளை ஒரு கோடாக மூடியிருக்கும். வித்திக்கூடுகள் இல்லாத இலைகளே மிகுதி என்பதால் அவற்றைத் தேடி நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை.

டெரிசு விட்டாட்டாவில் தண்டு குட்டையானது, செதில் மூடியது. இலைகள் கொத்தாக எழும். இலை ஒருமுறை மட்டுமே பிரிந்து, இறகு போல் இருபுறமும் நாடா வடிவச் சிற்றிலைகளைக் கொண்டிருக்கும். நுனிச் சிற்றிலை நீளமானது. அடிநோக்கிச் செல்லச் செல்ல அவை சிறுத்து மறையும். சுண்ணாம்பை விரும்புவதால் காரை உதிர்ந்த சுவர் இதற்கு உகந்த இடம். வித்திக்கூடுகள் இதிலும் ஓரத்திலேயே அமைகின்றன. எனவே அதை மட்டும் வைத்து முடிவு செய்தல் தவறாகும்.

மலைப்பாதை வெட்டுகளில் புதராக மண்டும் டைக்கிரனாப்டெரிசு, இரண்டிரண்டாகக் கவைத்துக்கொண்டே செல்வதால் எளிதில் தெரியும். ஓடைக்கரைகளில் வளரும் கிறிசுட்டெல்லாவின் வித்திக்கூடுகள் ஓரத்தில் அன்றி இலையின் அடிப்பரப்பில் புள்ளிகளாக இருக்கும்.

நச்சுத்தன்மை

பிரேக்கனில் தயமினேசு என்ற நொதி உள்ளது. இது உயிர்ச்சத்து பி1ஐச் சிதைப்பதால் குதிரைகளுக்கு நரம்புக் கோளாறு உண்டாகின்றது. மாடுகளுக்குப் பெருந்தீங்கு செய்வது 1983இல் பிரித்தெடுக்கப்பட்ட தாக்கிலோசைடு என்னும் சேர்மம். தொடர்ந்து மேயும் மாட்டின் சிறுநீரில் இரத்தம் கலக்கும். சிறுநீர்ப்பையில் கட்டிகள் தோன்றும். இச்சேர்மம் பாலிலும் கலக்கக்கூடியது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1987இல் பிரேக்கனை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியவற்றின் பட்டியலில் (2பி பிரிவு) சேர்த்தது. யப்பானில் இதன் சுருண்ட குருத்தைச் சாம்பல் நீரில் ஊறவைத்து உண்பர். அது நச்சைக் குறைக்குமே தவிர முற்றாக நீக்கும் என்று கொள்ள இயலாது.

தோல் பதனிடும் வட்டாரமும் சீன பிரேக்கும்

டெரிசு விட்டாட்டா மண்ணிலுள்ள ஆர்சனிக்கை உறிஞ்சி இலைகளில் சேர்த்து வைக்கும் என்பதை இலேனா மாவும் உடனாய்வாளர்களும் 2001இல் நேச்சர் இதழில் வெளியிட்டனர். அமெரிக்காவின் புளோரிடாவில், மரத்துக்குக் காப்புப் பூசும் வேதிப்பொருளால் மாசடைந்த நிலத்தில் இது கண்டறியப்பட்டது. ஆர்சனிக் சேர்த்த மண்ணில் வளர்த்தபோது இலையின் உலர் எடையில் 2 விழுக்காட்டுக்கும் மேல் ஆர்சனிக் இருந்தது.

இதிலிருந்து, இப்பன்னம் பாலாற்றுச் சமவெளியின் மாசையும் நீக்கிவிடும் என்று முடிவுகட்டுவது பொருந்தாது. இவ்வட்டாரத்தின் முதன்மைச் சிக்கல் ஆர்சனிக் அன்று. தோல் பதனிடுதலில் பயன்படும் குரோமியமும் கழிவுநீரின் உப்பும் ஆகும். தோல் ஆலைக் கழிவு பற்றிய வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகத்து 28இல் தீர்ப்பளித்தது. இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட்டு ஆலை ஒன்று ஒரு இலட்சம் டன்னுக்கும் மிகுதியான குரோமியக் கழிவை விட்டுச் சென்றது. டெரிசு விட்டாட்டா குரோமியத்தையும் உறிஞ்சும்; ஆனால் அதன் பெரும்பகுதி வேரிலேயே தங்கிவிடுகின்றது. இலையை அறுத்து அகற்றினால் ஆர்சனிக் வெளியேறும், குரோமியம் மண்ணிலேயே இருக்கும். மாசடைந்த நிலத்தில் முளைத்த இப்பன்னத்தை ஆடு மேய விடுவதும், எருவுக்குப் பயன்படுத்துவதும் தவிர்க்கப்பட வேண்டியவை.

சமவெளியின் பிற பன்னங்கள்

வறண்ட பாறை இடுக்குகளில் சிறு விசிறி போல் வளரும் மயில்சிகையும் பன்னமே. வயல்களிலும் குட்டைகளிலும் நான்கு சிற்றிலைகளுடன் காணப்படும் ஆரைக்கீரை, கீரை என்று பெயர் பெற்றிருந்தாலும், பூக்காத பன்னங்களுள் ஒன்றாகும். தோற்றத்தில் இவ்விரண்டும் பிரேக்கனை ஒத்திருப்பதில்லை.