கார் விளக்கொளியில் நீந்தியவர்கள்

1974 செப்டம்பர் 25, புதன்கிழமை. கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில் அலுவலகங்கள் முடியும் நேரம். மிஷன் பே விரிகுடாக் கரையில் 46 பேர் கூடியிருந்தார்கள். அவரவர் சைக்கிளை அவரவரே கொண்டுவர வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். வீட்டில் எது இருந்ததோ அதை உருட்டிக்கொண்டு வந்தவர்களே அதிகம். மாலை 5.45-க்குப் போட்டி தொடங்கியது. மொத்தக் கணக்கில் ஓட்டம் 6 மைல், சைக்கிள் 5 மைல், நீச்சல் 500 கெஜம். ஓட்டத்தில் ஒரு பகுதி வெறுங்காலோடு புல்லிலும் மணலிலும் ஓட வேண்டியது.

சைக்கிளைவிட ஓட்டத்துக்கு அதிக தூரம்! நடத்தியது ஓட்டக்காரர்களின் சங்கம் என்பதை வேறு யாரும் சொல்லத் தேவையில்லை. சான் டியேகோ டிராக் கிளப்பின் உறுப்பினர்களான ஜாக் ஜான்ஸ்டோனும் டான் ஷனகனும்தான் இதற்கு ஏற்பாடு செய்தவர்கள்.

யோசனை வானத்திலிருந்து குதிக்கவில்லை. அதே ஊரில் டேவிட் பெயின் என்ற வழக்கறிஞர் தன் 50-வது பிறந்தநாளை ஒட்டி, நண்பர்களை அழைத்து ஓட்டமும் நீச்சலும் சேர்ந்த ஒரு போட்டி வைத்தார். பிறகு அது ஆண்டுதோறும் நடந்தது. கல்லூரி நாட்களில் நீச்சல் வீரராக இருந்த ஜான்ஸ்டோனுக்கு அது பிடித்துப்போனது. ஆனால் நீச்சலுக்கு இன்னும் இடம் வேண்டும் என்று பட்டது. ஷனகனோ சைக்கிளையும் சேர்க்கலாம் என்றார். பெயர் டிரையத்லான் என்று முடிவானது. கோப்பைக்கு எழுத்துப் பொறிக்கும் கடைக்காரர் அகராதியில் தேடிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு சொல்லே இல்லையே, எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள் என்று ஜான்ஸ்டோனிடமே கேட்டாராம்.

வென்றவர் பில் பிலிப்ஸ். முன்னால் போனவர்கள் கரையேறிய பின்னும் தண்ணீரில் ஆட்கள் இருந்தார்கள், அதற்குள் இருட்டிவிட்டது. கரையில் நின்றவர்கள் காரைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பி முகப்பு விளக்கைப் போட்டார்கள். கடைசியில் வந்தவர்கள் அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நீந்தி வந்தார்கள். டிரையத்லான் வரலாற்றில் எந்தத் தங்கப் பதக்கத்தையும்விட இந்தக் காட்சியே பெரிது என்று தோன்றுகிறது.

அன்று களத்தில் இருந்தவர்களில் ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரியும் ஒருவர். மனைவி ஜூடி, பிள்ளைகளோடு குடும்பமாக வந்திருந்தார். பின்னர் அவர்கள் ஹவாய்க்குக் குடிபெயர்ந்தார்கள். 1977-இல் ஓவாஹு தீவைச் சுற்றி ஒரு ரிலே ஓட்டம் நடந்தது. அதன் பரிசளிப்பு நாளில் பழைய வாக்குவாதம் ஒன்று கிளம்பியது: அதிக உடல்வலு யாருக்கு, ஓட்டக்காரருக்கா நீச்சல்காரருக்கா? பெல்ஜியத்தின் சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸை நினைவூட்டி, சைக்கிள்காரரை விட்டுவிட்டீர்களே என்றார் காலின்ஸ். தீவில் ஏற்கெனவே நடந்துவந்த மூன்று போட்டிகளை ஒன்றாகக் கோத்துப் பார்க்கலாம் என்ற பேச்சு அங்கேதான் எழுந்தது.

கோத்த விதம் அழகானது. வைகிகி நீச்சல் 2.4 மைல், ஹொனலூலு மாரத்தான் 26.2 மைல். தீவைச் சுற்றும் சைக்கிள் போட்டி 115 மைல், வழக்கமாக இரண்டு நாள் நடப்பது. அதில் 3 மைலைக் குறைத்தால், நீச்சல் முடிகிற இடத்தில் சைக்கிளில் ஏறி, மாரத்தான் தொடங்குகிற அலோஹா கோபுரத்தடியில் இறங்கிவிடலாம். 112 என்ற எண்ணுக்குப் பின்னால் உடலியல் ஆராய்ச்சி எதுவும் இல்லை. ஒரு தீவின் சாலைதான் இருக்கிறது.

1978 பிப்ரவரி 18 அன்று 15 பேர் இறங்கி, 12 பேர் முடித்தார்கள். கார்டன் ஹாலர் 11 மணி 46 நிமிடம் 58 நொடியில் முதலில் வந்தார். இந்தப் போட்டிக்கு வைத்த 'அயர்ன்மேன்' என்ற பெயரைக் கேட்டதும் தன்னந்தனியாகப் போராடும் ஒருவரின் உருவம் மனதில் எழும். ஆனால் அன்று ஒவ்வொருவருக்கும் பின்னால் சாப்பாடும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு கூட்டாளிகள் வண்டியில் வந்தார்கள். இரண்டாவதாக வந்த ஜான் டன்பாரின் ஆட்களிடம் தண்ணீர் தீர்ந்துபோனதாகவும், வழியில் பீர் கொடுத்துச் சமாளித்ததாகவும் சொல்வார்கள்.

அயர்ன்மேன் பிறந்தது ஒரு ரிலேயின் பரிசளிப்பில் என்றாலும், டிரையத்லானின் ரிலே ஒலிம்பிக்குக்கு வர வெகுகாலம் பிடித்தது. 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் டிரையத்லான் இடம்பெற்றது. கலப்பு ரிலே சேர்ந்தது டோக்கியோவில்தான். 2021 ஜூலை 31 அன்று இரண்டு பெண்களும் இரண்டு ஆண்களும் கொண்ட பிரிட்டன் அணி தங்கம் வென்றது. அதில் ஒவ்வொருவரும் மூன்றையும் செய்து முடித்து, அடுத்தவரின் கையைத் தொட்டு அனுப்ப வேண்டும்.

வார இறுதியில் ஓடும் சாதாரண ஓட்டக்காரர்களுக்கு வாய்த்த ரிலே வேறு. நீந்த ஒருவர், சைக்கிளுக்கு ஒருவர், ஓட ஒருவர். சனிக்கிழமை ஒரு 5 கிலோமீட்டர் ஓட்டத்தை முடித்த கால்களோடே ஞாயிறு அதிகாலை வந்து நிற்பவர்களும் உண்டு. நீச்சல்காரர் கரையேறி, ஈரம் சொட்டச் சொட்ட ஓடிவந்து, கணுக்காலில் கட்டியிருக்கும், நேரம் கணக்கிடும் பட்டையைக் கழற்றிச் சைக்கிள்காரரிடம் கொடுப்பார். அவர் போனபின் சைக்கிள் நிறுத்தும் கம்பி காலியாகிவிடும்.

ஓட வேண்டியவருக்கு அந்தக் காலிக் கம்பிதான் இடம். ஒலிம்பிக் தூரப் போட்டியென்றால் சைக்கிள் 40 கிலோமீட்டர். திரும்பிவர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வெயில் ஏறும், தளர்த்தி வைத்த தசை மறுபடி இறுகும், தண்ணீர் குடிப்பதா வேண்டாமா என்று மனம் அலையும். ஒவ்வொரு ஹெல்மெட்டும் தம் அணிச் சைக்கிள்காரருடையதாகத் தெரியும். ஒருவழியாக அவர் வந்து சைக்கிளைக் கம்பியில் மாட்டுவார். குனிந்து, நடுங்கும் விரல்களால் பட்டையைப் பிரித்து, நிற்பவரின் காலில் சுற்றி ஒட்டுவார். உப்பும் வியர்வையும் ஊறிய அந்தப் பட்டையோடு ஓட்டம் தொடங்கும்.

முதலில் முடித்த நீச்சல்காரர் அதற்குள் உடை மாற்றியிருப்பார். அவரும் சைக்கிள்காரரும் முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னால் சாலையோரம் காத்திருப்பார்கள். ஓடிவருபவர் கண்ணில் பட்டதும், அனுமதிக்கும் போட்டிகளில், இருவரும் சேர்ந்துகொண்டு மூன்று பேருமாக ஓடிக் கோட்டைக் கடப்பார்கள்.