இரும்பை அரிக்கும் நுண்ணுயிர்கள்

ஆரணி என்றவுடன் பட்டு நெய்யும் ஆரணியை நினைத்துவிட வேண்டா. நான் கூறுவது பொன்னேரிக்கு அருகே, ஆரணி ஆற்றை ஒட்டிய ஆரணி. கும்மிடிப்பூண்டியின் இரும்பாலைகள் இங்கிருந்து வெகு தொலைவில் இல்லை.

1996-ஆம் ஆண்டு நான் பணிபுரிந்த பள்ளியில் ஆழ்குழாய்க் கிணற்றின் இரும்புக் குழாய், போட்ட மூன்றாம் ஆண்டிலேயே ஓட்டை விழுந்தது. வெளியே இழுத்துப் பார்த்தால் உட்புறமெங்கும் கரிய சேறு. அழுகிய முட்டையின் நாற்றம். மட்டமான குழாயைத் தலையில் கட்டிவிட்டதாக, அதைப் பொருத்தியவரைப் பலர் முன்னிலையில் கடிந்துகொண்டேன்.

குற்றம் அவருடையதன்று. மீஞ்சூர், பொன்னேரிப் பகுதிகளில் நிலத்தடி நீரை அளவின்றி இறைத்ததால் கடல்நீர் உட்புகுந்தது. கடல்நீரில் சல்பேட் உப்பு மிகுதி. காற்றில்லா இடத்தில் அதைச் சல்பைடாக மாற்றி வாழும் நுண்ணுயிர்கள் உண்டு. அவற்றை 1895-இல் ஹாலந்தின் டெல்ப்ட் நகரில் பெய்ஜரிங்க் என்பார் கண்டறிந்தார். வார்ப்பிரும்புக் குழாய்கள் மண்ணுக்குள் அரிபட்டுப் போவது இவற்றால்தான் என்று 1934-இல் அந்நாட்டு அறிஞர் வான் வோல்சோகன் கூரும் அவர்தம் துணைவரும் விளக்கினர். நான் கண்ட கரிய சேறு இரும்புச் சல்பைடு!

இவ்வுயிர்களைக் கொல்ல ஆலைகள் குளோரின் முதலிய நச்சுப் பொருள்களை நீரிற் கலக்கின்றன. அந்நீர் இறுதியில் ஆற்றையும் பழவேற்காட்டு ஏரியையும் அன்றோ சேரும்? ஆகவே அறிஞர் செடிகொடிகளை நாடினர். இது முற்றிலும் புதிய வழியன்று. அமிலத்திலிட்டு எஃகுத் தகட்டைத் துப்புரவாக்குகையில், உலோகம் அரிபடாதிருக்கச் சர்க்கரைப் பாகின் கழிவைச் சேர்க்கும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இருந்தது. என் பாட்டனார் கடுக்காயையும் அன்னபேதியையும் காய்ச்சி மை செய்வார். கடுக்காயின் துவர்ப்புப் பொருள் இரும்புடன் சேர்ந்து கருமையாவதே அம்மையின் இரகசியம். துருவேறிய இரும்பின்மீது அதே துவர்ப்புப் பொருள் கருநீலப் படலமாய்ப் படிந்து, மேலும் துருவேறுவதைத் தணிக்கிறது. மை செய்த பாட்டனார்க்கு இது தெரியுமோ, அறியேன்.

நம் நாட்டில் அரிமான ஆய்வுக்குப் பெரும் நிலைக்களம் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் ஈந்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். பிற்காலத்தில், 2017-இல், வேலூரை அடுத்த திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தார் மிகு உவர்நீரில் குழாய் எஃகை நுண்ணுயிர் அரிப்பினின்று வேம்பின் சாறு காப்பதை ஆராய்ந்து வெளியிட்டனர். பூண்டுத் தோல், பழத்தோல் என நாம் குப்பையில் எறிவனவும் பிற இடங்களில் ஆய்வுக்கு வந்துள்ளன. சாற்றின் மூலக்கூறுகள் உலோகத்தைப் போர்வைபோல் மூடும். சில, உயிரிகளையும் அழிக்கும்.

எனினும் அவசரப்பட வேண்டா. சாற்றில் சர்க்கரை எஞ்சினால் அதுவே நுண்ணுயிர்க்கு விருந்தாகிவிடும். பருவத்திற்கும் மண்ணிற்கும் ஏற்பச் சாற்றின் வீரியமும் மாறும். ஆய்வுக் குடுவையில் வென்றது, ஆலையின் குளிர்நீர்த் தொட்டியில் ஆண்டுக்கணக்கில் நிற்குமா என்பதே இனி விடுவிக்க வேண்டிய கணக்கு.

சல்பேட்டைப் பற்றிப் படித்தறிந்த பின், அந்தக் குழாய்க்காரரைத் தேடிச் சென்று என் தவற்றைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று அன்றைக்கே சொன்னேனே, ஐயா" என்றார். சொல்லியிருந்தார், என் காதில்தான் விழவில்லை.