டோலி சுமந்த தோள்கள்

ஆண்டுதோறும் ஆகஸ்டுத் திங்கள் 14, 15 ஆகிய நாள்களில் சலேத் அன்னையின் திருவிழாவுக்காக நாம் கொடைக்கானலுக்குச் செல்கிறோம். பேருந்தில் சில மணி நேரப் பயணம், அவ்வளவுதான். 'மலைகளின் இளவரசி' என்னும் பட்டம் விளம்பரங்களில் நம்மை வரவேற்கிறது. அப்பட்டத்தைச் சூடுமுன் இம்மலை யாருக்கு என்னவாக இருந்தது என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

1821-இல் வார்டு என்னும் ஆங்கிலேய அதிகாரி பழனி மலையை அளந்தார். 1845-இல் மதுரை அமெரிக்க மிஷனரிகள் இங்கே இரண்டு வீடுகளைக் கட்டினர். சமவெளியின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தப்புவதே அவர்கள் நோக்கம். 1863-இல் மதுரை ஆட்சியராயிருந்த லெவிஞ்சு ஏரியை அமைத்தார். பிரெஞ்சு இயேசு சபைக் குருவான சேன்-சீர் அடிகளாரின் முயற்சியால் 1866-இல் சலேத் அன்னையின் ஆலயம் எழுந்தது. 1895-இல் செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரி தோன்றியது. ஆக, இன்றைய உல்லாச நகரம் நோயாளிகளின் புகலிடமாகவே பிறந்தது.

ஆயின் அந்நோயாளிகள் மலையேறியது எவ்வாறு? மோட்டார்ச் சாலை 1910-களில்தான் வந்தது. அதற்குமுன் அடிவாரத்திலிருந்து செங்குத்தான பாதையில், நாற்காலிகளிலும் டோலிகளிலும் அவர்களைத் தோளில் சுமந்து ஏற்றியவர்கள் நம் மண்ணின் ஏழைக் கூலியாள்கள். கட்டியவர்களின் பெயர்களை வரலாறு காத்து வைத்திருக்கிறது. சுமந்தவர்களின் பெயர்களைத் தேடினும் கிடைப்பதரிது. அவர்களுக்கும் முன்னே பளியரும் புலையரும் இக்காடுகளை அறிந்திருந்தனர். தாண்டிக்குடி போன்ற இடங்களில் நிற்கும் பெருங்கற்காலக் கல்திட்டைகளை ஆங்கிலாடு அடிகளார் நியூட்டன் என்பாருடன் சேர்ந்து ஆராய்ந்து, 1928-இல் நூலாக வெளியிட்டார். வெற்றிடத்தில் தோன்றிய நகரன்று கொடைக்கானல் என்பதற்கு அக்கற்களே சாட்சி.

பழைய இடங்களைப் புதுப்பித்துக் கலைத் தலங்களாக அறிமுகப்படுத்தும் முயற்சி இன்று எங்கும் நடைபெறுகிறது. கொச்சிக் கோட்டைப் பகுதியில் வணிகக் கிடங்காயிருந்த ஆஸ்பின்வால் மாளிகை, 2012 முதல் பன்னாட்டுக் கலைக் கண்காட்சியின் களமாயிற்று. புதுச்சேரியில் வைசியாள் வீதியின் திண்ணைகளும் தாழ்வாரங்களும் சீரமைக்கப்பட்டு, 2008-இல் யுனெஸ்கோவின் பாராட்டைப் பெற்றன. தமிழரின் வீதி தன் முகத்தை மீட்டுக்கொண்டது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அதே நகரில் வாய்க்காலுக்குக் கிழக்கேயுள்ள பகுதி 'ஒயிட் டவுன்' என்ற பெயரால் விளம்பரம் பெறுகிறது. தோலின் நிறத்தால் மனிதரைப் பிரித்த பெயர், இன்று பயணிகளை ஈர்க்கும் கவர்ச்சிப் பெயராகிவிட்டது! சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசலாம், நினைவுகளுக்கும் பூசிவிடலாமா?

கொடைக்கானலும் இச்சோதனைக்கு விலக்கன்று. வாகனப் பெருக்கத்தைத் தாங்க இயலாத நிலையில், உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. எத்தனை பேர் வரலாம் என்று நீதிமன்றம் கேட்கலாம். வருபவர்கள் எதைக் கண்டு, எதை அறிந்து திரும்ப வேண்டும் என்பதோ நாம் விடை காண வேண்டிய கேள்வி.

இதில் நமக்கும் பங்குண்டு. ஆலய வரலாற்றை எழுதும்போதெல்லாம் குருக்களின் பெயர்களை நன்றியுடன் குறித்தோம், அது முறையே. கல் சுமந்தவரையும் டோலி தூக்கியவரையும் குறித்தோமா? திருப்பலியில் வாழ்வோரையும் இறந்தோரையும் நினைவுகூரும் மக்கள் நாம். நினைவுகூர்தலே நம் வழிபாட்டின் உயிர். அத்தகைய நாமே மறந்துவிட்டால், விளம்பரப் பலகைகளைக் குறைசொல்லி என்ன பயன்?

அடுத்த திருவிழாவின்போது மலைப்பாதையின் வளைவொன்றில் சற்றே இறங்கி நிற்போம். நம் பிள்ளைகளுக்குக் கீழேயுள்ள பள்ளத்தைக் காட்டி, இவ்வழியே மனிதர் மனிதரைச் சுமந்து ஏறினர் என்று சொல்வோம். பெயரறியா அவர்களுக்காக ஒரு செபம் சொல்லிவிட்டு, அன்னையின் ஆலயத்தை நோக்கி மேலே நடப்போம்.