தீவாகிப்போன மேஜர்

நிக்கோபாரின் கட்சால் தீவிலுள்ள ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டிய தமிழர்களைச் சென்ற வாரம் பார்த்தோம். 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தம், தலைமுறைகளாக இலங்கையில் உழைத்த அவர்களின் வேரைப் பிடுங்கி இந்தக் கடலுக்குள் நட்டது. அதே இலங்கையில் உயிர்விட்ட இன்னொரு தமிழரின் பெயரும் இந்தத் தீவுக்கூட்டத்தின் வரைபடத்தில் இருக்கிறது. 2023 ஜனவரி 23 அன்று, பெயரில்லாத 21 அந்தமான் தீவுகளுக்குப் போர்க்கள வீரத்துக்கான உயரிய விருதான பரம்வீர் சக்கரம் பெற்ற 21 பேரின் பெயர்களைச் சூட்டினார்கள். அவர்களில் ஒருவர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன்.

1946இல் பம்பாயில் பிறந்தவர். சென்னையில் அதிகாரிப் பயிற்சி முடித்து, 1972இல் மகார் படைப்பிரிவில் சேர்ந்தார். 1987 ஜூலையில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அமைதி காக்கப் போன இந்தியப் படை, அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியது.

நவம்பர் 25. யாழ்ப்பாணப் பகுதியில் தேடுதல் முடித்து, நள்ளிரவு நெருங்கும் வேளையில் பரமேஸ்வரனின் அணி திரும்பிக்கொண்டிருந்தது. வழியில் பதுங்கியிருந்தவர்கள் சுட்டார்கள். அவர் பின்வாங்கவில்லை, சுற்றிவளைத்துப் பின்பக்கமிருந்து அவர்கள்மேல் பாய்ந்தார். கைகலப்பில் ஒரு குண்டு நெஞ்சில் இறங்கியது. சுட்டவரின் கையிலிருந்த துப்பாக்கியையே பறித்து அவரைச் சுட்டு வீழ்த்தினார். மூச்சு அடங்கும்வரை ஆணை கொடுத்துக்கொண்டிருந்தார். வயது 41. அமைதிப்படையில் பரம்வீர் சக்கரம் பெற்றவர் இவர் ஒருவரே.

தமிழ்நாட்டில் இந்தப் பெயரை ஏன் உரக்கச் சொல்வதில்லை? காரணம் இருக்கிறது. அவர் சாவதற்கு ஒரு மாதம் முன்புதான் அமைதிப்படை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்து மருத்துவர்களையும் தாதியரையும் நோயாளிகளையும் சுட்டுக் கொன்றிருந்தது. அந்த ரத்தத்தை எந்தப் பதக்கத்தாலும் மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. 1990 மார்ச்சில் படை சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது, முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அந்தக் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தப் போரை முடிவு செய்தவர்கள் டெல்லியில் இருந்தார்கள். நெஞ்சில் குண்டு வாங்கிய பிறகும் தன் ஆட்களைக் காப்பாற்றப் போராடியவரின் கணக்கில் டெல்லியின் முடிவை எழுத எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் போரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் மாண்டார்கள். அவர்களுக்காகக் கொழும்பை அடுத்த கோட்டேயில் 2008இல் ஒரு நினைவிடம் எழுந்தது. கட்டியது இலங்கை அரசு.

(தொடரும்)