முன்னாள் படைவீரரின் பிள்ளைகள்: சார்ந்தோர் உரிமை

முன்னாள் படைவீரரைச் சார்ந்து வாழும் பிள்ளைகளுக்கு 18 வயது நிறைந்த பின்னும் தொடரும் மருத்துவ, ஓய்வூதிய, கல்வி உரிமைகள் உண்டு. 2003 ஏப்ரலில் தொடங்கிய பங்களிப்பு மருத்துவத் திட்டத்தில் (இ.சி.எச்.எஸ்.) மகனுக்கு 25 வயது, வேலை, திருமணம் ஆகியவற்றுள் எது முந்துகிறதோ அதுவரை சிகிச்சை உண்டு. மகளுக்கு வயது வரம்பில்லை. வேலைக்கோ மணவாழ்வுக்கோ செல்லும்வரை உரிமை நீடிக்கும். பெற்றோரை இழந்த பிள்ளைகளின் குடும்ப ஓய்வூதியத்திலும் மகனுக்கு 25 வயதே பொது வரம்பு.

தொழிற்கல்வி பயில்வோருக்கு, 2006-07இல் தொடங்கிய பிரதமர் கல்வி உதவித்தொகைத் திட்டம் தேர்வுபெறும் மாணவிக்கு மாதம் 3,000 ரூபாயும் மாணவருக்கு 2,500 ரூபாயும் வழங்குகிறது.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இவற்றில் வழிகாட்டும். பதினெட்டில் எல்லாம் முடிந்தது என்றெண்ணி எந்தக் குடும்பமும் இவற்றைக் கைவிடக் கூடாது.