தனிக் குவளை யாரைக் காத்தது?

எச்.ஐ.வி. தொற்றினார்க்குத் தனிக் குவளை வைக்கும் வீடு, தோட்டத்தில் இருப்பினும் நகரத்தில் இருப்பினும், தீண்டாமையையே வளர்க்கின்றது. அந்நோயின் வரலாறு நமக்குக் கூறுவது யாது?

1983இல் பாரிஸ் பாஸ்டர் ஆராய்ச்சிக் கழகத்தார் அக்கிருமியைக் கண்டனர். 1986இல் சென்னையில் பேராசிரியை சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி நிர்மலாவும் இந்தியாவில் அது புகுந்துள்ளமையை மெய்ப்பித்தனர். அவ்வாண்டே மலேசியாவிலும் முதல் நோயாளி அறியப்பட்டார்.

உடலைக் காக்கும் வெள்ளையணுக்களே அக்கிருமிக்கு இரை. அது குருதியில் மிதந்து செல்வதோடு நில்லாது, நோயுற்ற அணு நல்லணுவோடு ஒட்டுமிடத்தில் திரளாகக் கடந்து குடிபுகும் என்பதை 2004இல் வெளியான ஆராய்ச்சி விளக்கிற்று. அவ்விடுக்கில் உடலின் எதிர்ப்பொருள்கள் எளிதிற் செயற்படா. ஆதலின், நோயை அறிந்தவுடன் கூட்டுமருந்தைத் தொடங்குதல் இன்றியமையாதது.

அணுவை அணு தொட்டாற் பரவும் இக்கிருமி, மனிதரை மனிதர் தொட்டாற் பரவுவதில்லை! குருதி, உடலுறவு, தாயிடமிருந்து சேய் என்பனவே அதன் வழிகள்.

மலேசியாவில் பல்லாண்டு அது போதை ஊசியைப் பகிர்ந்தோரிடையே மிகுந்திருந்தது. 2005இல் மெத்தடோன் மருத்துவம் தொடங்கிற்று. 2006இல் ஜொகூர் பாரு, கோலாலம்பூர், பினாங்கு ஆகிய இடங்களில் தூய ஊசி வழங்கும் பணி தொடங்கிற்று. பழித்தோர் இருந்தனர், எனினும், ஊசிவழித் தொற்று பின்னாளில் பெரிதும் குறைந்தது.

ஊசியை மாற்றிய அறிவு உயிர்களைக் காத்தது. குவளையை மாற்றிய அறியாமை யாரைக் காத்தது? எண்ணிப் பாருங்கள்!