தெள்ளாறுல ஏது பனி?

கோடை லீவுக்கு அக்கா பையன் சென்னையிலிருந்து தெள்ளாருக்கு வந்திருந்தான். ஏழாங்கிளாஸ் முடிச்சிருக்கான். செஞ்சிக்கோட்டை பார்த்தே ஆகணும்னு அடம்பிடித்ததால் ஒருநாள் பைக்கில் கூட்டிக்கொண்டு போனேன். ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வச்ச மாதிரி நிற்கிற உருண்டைப் பாறைகளைப் பார்த்ததும் கேட்டான்: "மாமா, இதெல்லாம் பனியாறு உருட்டிக்கிட்டு வந்து போட்டதுதானே? மகாபலிபுரம் வெண்ணெய்ப் பந்துகூட அப்படித்தான்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு."

"நம்ம ஊர்ல ஏதுடா பனியாறு? மார்கழிப் பனிதான்" என்று சிரித்துவிட்டேன். அப்புறம் மனசு கேட்காமல் நாலைந்து நாள் படித்துப் பார்த்ததில், நான் சிரிச்சது பாதிதான் சரி என்று தெரிந்தது. அந்தக் கதைதான் இது.

முதலில் சரியான பாதி. செஞ்சிப் பாறைகளையும் வெண்ணெய்ப் பந்தையும் எந்தப் பனியும் கொண்டுவரவில்லை. அவை இருந்த இடத்திலேயே உருண்டையானவை. பெரிய பாறையில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்பு விழும். அதில் மழைத்தண்ணி இறங்கும். மூலைகளைப் பல பக்கத்திலிருந்தும் தண்ணி தாக்குவதால் அவை முதலில் உளுத்துப்போகும், நடுக்கல் உருண்டையாக மிஞ்சும். சுற்றியிருந்த மண் காலப்போக்கில் கரைந்து ஓடினால், யாரோ அடுக்கி வைத்த மாதிரி கல் வெளியே தெரியும்.

ஆனால் பனியாறு கல் சுமக்கும் என்பதும் நிஜம். ஐரோப்பாவில் வயல் நடுவே சம்பந்தமே இல்லாத ஊர்ப் பாறை கிடந்தது. பழைய பிரளயம் கொண்டுவந்தது என்று ரொம்ப காலம் பலர் நம்பினார்கள். 1840இல் சுவிட்சர்லாந்துக்காரர் லூயி அகாசி ஒரு புத்தகம் எழுதி, ஒரு காலத்தில் பனி பரந்து கிடந்தது, அதன் வேலைதான் இது என்று வாதாடினார். பனியாறு என்பது மெதுவாக நகரும் பனி மலை. அடியில் சிக்கிய கல்லை வைத்துத் தரையை உப்புத்தாள் போட்ட மாதிரி தேய்க்கும். குறுகிய பள்ளத்தாக்கை அகலமாக்கும். உருகி முடிக்கிற இடத்தில் சுமந்ததையெல்லாம் குப்பையாகக் கொட்டிவிட்டுப் போகும்.

இப்போ நான் தப்பாச் சொன்ன பாதி. 1856. ஒரிசாவில் தால்ச்சேர் என்ற இடம். இந்திய நிலவியல் ஆய்வுத்துறை தொடங்கி ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. வில்லியம் பிளான்ஃபோர்டு, ஹென்றி பிளான்ஃபோர்டு என்ற அண்ணன் தம்பி, கூட தியோபால்டு என்று இன்னொருத்தர். நிலக்கரி தேடிப் போனவர்கள் ஒரு விசித்திரத்தைப் பார்த்தார்கள். மாவு மாதிரி நைசான சேற்றுப் பாறைக்குள்ளே பெரிய பெரிய உருண்டைக் கற்கள். வேகமான ஆறுதான் பெரிய கல்லை உருட்டும், அசையாத தண்ணியில்தான் நைஸ் சேறு படியும். ரெண்டும் ஒரே இடத்தில் எப்படி? பனிதான் தூக்கிவந்து போட்டிருக்க வேண்டும் என்று எழுதினார்கள். வெயில் கொளுத்தும் ஒரிசாவில் பனியா என்று கேட்டவர்கள் எத்தனை பேரோ! (நானும் அதைத்தானே கேட்டேன்.) 1872இல் சந்திரபூர் பக்கம் இரை என்ற கிராமத்தில், பனி கீறிய கோடுகளோடு பாறைத்தளமே கிடைத்தது. சந்தேகம் தீர்ந்தது.

அது சுமார் 30 கோடி வருஷத்துக்கு முந்தைய பனி. அப்போது இந்தியா தென் துருவத்துப் பக்கம், ஆப்பிரிக்கா ஆஸ்திரேலியாவோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. கண்டங்கள் நகர்கின்றன என்று வேகனர் 1912இல் சொன்னபோது இந்தப் பனித் தடயங்களையும் சாட்சிக்கு இழுத்தார். தெள்ளாறு என்றாலே 'தெள்ளாறெறிந்த நந்திவர்மன்' என்று மார்தட்டுகிற ஆள் நான். அதெல்லாம் சுமார் 1,200 வருஷக் கதைதான். 30 கோடிக்கு முன்னால் அது நேத்து சாயங்காலம்.

பனி உருகிய பிறகு, நிலம் தாழ்ந்து உண்டான அந்தப் பள்ளங்களில் சதுப்புக்காடு வளர்ந்தது. காடு மக்கி, புதைந்து, நிலக்கரி ஆனது. அடியில் பனி போட்ட கல்லும் சேறும், மேலே கரி. அந்தத் தால்ச்சேர் கரி ரயிலேறி பாரதீப் துறைமுகம் போய், கப்பலேறி எண்ணூருக்கு வருகிறது. வடசென்னை அனல்மின் நிலையத்தில் எரிகிறது. எங்க வீட்டுத் தறிக்கு மேலே தொங்கும் லைட்டும், அம்மா தார் சுற்றும் மோட்டாரும் ஓடுவதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. ஆரணிப் பட்டு என்று பேர் வாங்கும் புடவைக்குள்ளே அந்தப் பழைய பனியுகம் ஒரு இழையாக ஓடுகிறது என்று சொன்னால் மிகையில்லை.

இதோடு முடித்திருந்தால் சந்தோஷமான பதிவாக இருந்திருக்கும். ஆனால் பெரியம்மா ஞாபகம் வந்துவிட்டது.

2012இல் பெரியம்மா கேதார்நாத் போய் வந்தார். "அவ்ளோ மலைக்கு நடுவுல சாமிக்குன்னே ஒரு சமதரை போட்டு வச்சிருக்குடா" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். அந்தச் சமதரை பனியாறு கொட்டிவிட்டுப் போன கல்லும் மணலும்தான். செங்குத்து மலையில் மனுஷன் கோயில் கட்ட, கடை போட, விதைக்க இடம் கிடைப்பதே இப்படித்தான். அடுத்த வருஷம் ஜூன் 17 காலை, கோயிலுக்கு மேலே சோராபாரி பனியாறு ஒதுக்கிவிட்ட கற்குவியல் கரை, பெருமழையில் உடைந்தது. அதற்குப் பின்னால் தேங்கியிருந்த ஏரி அப்படியே இறங்கியது. கோயில் தப்பியது. அந்த வெள்ளங்களில் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். பெரியம்மா டிவி முன்னாடி உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. தான் டீ குடித்த கடையைத் தேடிக்கொண்டே இருந்தார்.

அன்றைக்கு உடைத்தது மழைதான். ஆனால் பூமி சூடாகச் சூடாக இமயத்தில் பனி பின்வாங்கி, இதுபோன்ற ஏரிகள் புதிதாகவும் பெரிதாகவும் உண்டாகின்றன. 2023 அக்டோபரில் சிக்கிமில் தெற்கு லோனாக் ஏரி உடைந்து, தீஸ்தா ஆற்றில் ஒரு அணையையே அடித்துக்கொண்டு போனது. பூமியைச் சூடாக்கும் புகையில் கரிப்புகைதான் பெரிய பங்கு. பழைய பனி விட்டுப்போன பள்ளத்தில் தோண்டிய கரி, இன்றைய பனியைக் கரைக்கிறது. என் தறி லைட்டும் அந்தக் கணக்கில் வருகிறது. நான் அணைத்துவிட்டு உட்கார முடியுமா? முடியாது. அம்மாவுக்குக் கண் தெரியாது, புடவை முடியாது, கூலி வராது. ஆனால் கணக்கில் நான் இல்லை என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

இவ்வளவையும் போனில் பையனுக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ நான் சொன்னது பாதி கரெக்ட்தானே மாமா?" என்றான்.

ஆமாண்டா ராஜா. சிரிச்சது என் தப்பு :-)